இருபது அங்குலமும் ஒரு காட்டுப்பன்றியும்

டிஸ்கி: இது துப்பாக்கி வாங்கச் சொல்லும் பதிவு அல்ல. துப்பாக்கியே கூடாது என்று சொல்லும் பதிவும் அல்ல. சட்டம் எழுதுகிறவர்கள் கொஞ்ச நேரம் டேப்பைக் கீழே வைத்துவிட்டுத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் பதிவு. நீளம் கொஞ்சம் ஜாஸ்தி. பொறுத்துக்கொள்ளவும்.

"அமெரிக்காக்காரனுக்குக் கிறுக்குடா. துப்பாக்கிய கையில பிடிச்சா ஒரு சட்டம், தோள்ல வச்சா ஒரு சட்டமாம். நம்ம ஊருல இந்தக் கொழப்பமெல்லாம் கிடையாது, துப்பாக்கின்னா துப்பாக்கி" என்றான் வகுப்பு நண்பன் ஒருவன். முதல் பாதி சரி. இரண்டாம் பாதிக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தக் கிறுக்கு என்னவென்று பார்த்துவிடுவோம், சுவாரசியமான கதை.

1934ல் அமெரிக்காவில் தேசியத் துப்பாக்கிச் சட்டம் என்று ஒன்று வந்தது. மெஷின் கன்னோடு தெருவில் கேங்ஸ்டர்கள் திரிந்த காலத்தின் கோபத்தில் எழுதிய சட்டம். மசோதாவாக இருந்தபோது அதில் பிஸ்டல், ரிவால்வரும் இருந்தன. ஒளித்து எடுத்துப் போகிற ஆயுதம்தானே ஆபத்து? சரி, கைத்துப்பாக்கியை மட்டும் கட்டுப்படுத்தினால் என்ன செய்வான்? ரைஃபிளின் குழலை ரம்பத்தால் அறுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்வான். அதனால் குட்டைக் குழல் ரைஃபிளையும் பட்டியலில் சேர்த்தார்கள். இதுவரை நியாயம்தான். அப்புறம் எதிர்ப்பு கிளம்பி, கைத்துப்பாக்கியை மசோதாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். குட்டை ரைஃபிள் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. மாப்பிள்ளை ஓடிப்போன பிறகும் பந்தலைப் பிரிக்காமல் விட்ட மாதிரி!

இன்றைக்கு அங்கே 16 அங்குலத்துக்குக் கீழே குழல் இருந்தால் அது "குட்டைக் குழல் ரைஃபிள்". பதிவு செய்யாமல் வைத்திருந்தால் 10 வருஷம் வரை உள்ளே. ஆனால் 4 அங்குலக் குழலுள்ள பிஸ்டல் இந்தப் பட்டியலிலேயே இல்லை. வித்தியாசம் எங்கே? ரைஃபிள் என்றால் தோளில் வைத்துச் சுடுவதற்கென்று செய்தது, பிஸ்டல் என்றால் கையில் பிடித்துச் சுடுவதற்கென்று செய்தது. அவ்வளவுதான்.

2012ல் ஒரு முன்னாள் ராணுவ வீரர், கையில் பலமில்லாத இன்னொரு முன்னாள் வீரருக்காக ஒரு கருவி செய்தார். பெரிய பிஸ்டலின் பின்பக்கம் மாட்டி, முன்கையில் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டால் ஒரு கையாலேயே சுடலாம். பெயர் பிரேஸ். அரசாங்கமும் சரி, இது பிஸ்டல்தான் என்றது. நம் ஆட்களாக இருந்தால் என்ன செய்வார்கள்? அதையேதான் அவர்களும் செய்தார்கள். சுடுதளத்தில் போய் அந்தப் பிரேஸைக் கையில் கட்டாமல் தோளில் முட்டுக் கொடுத்துச் சுட்டார்கள். 2015 ஜனவரியில் அரசாங்கம் ஒரு கடிதம் போட்டது: தோளில் வைத்தால் நீங்கள் ஆயுதத்தையே மறுவடிவமைப்பு செய்துவிட்டீர்கள், அது ரைஃபிள் ஆகிவிட்டது. 2017ல், இல்லையில்லை, எப்போதாவது தோளில் வைத்தால் பரவாயில்லை. 2023ல் ஒரு புது விதி: பிரேஸ் மாட்டியவற்றில் பெரும்பாலானவை ரைஃபிள்தான், போய்ப் பதிவு செய்யுங்கள். 2024 ஜூனில் டெக்சாஸ் மத்திய நீதிமன்றம் ஒன்று அந்த விதியையே தூக்கிப் போட்டது. 2025ல் நாடாளுமன்றம், 1934லிருந்து இருந்த 200 டாலர் வரியைக் குட்டை ரைஃபிளுக்குப் பூஜ்யம் ஆக்கியது (2026 ஜனவரி 1 முதல்). ஆனால் பதிவு மட்டும் அப்படியே இருக்கிறது. வரிச் சட்டமாகப் பிறந்த ஒன்று, வரி போன பிறகும் நடக்கிறது.

இதே வியாதி இங்கிலாந்திலும் உண்டு. 1996ல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்ட பிறகு கைத்துப்பாக்கியை ஒழித்தார்கள். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எப்படி எழுதினார்கள் என்பதுதான் வேடிக்கை. குழல் 30 சென்டிமீட்டருக்குக் கீழே, அல்லது மொத்த நீளம் 60க்குக் கீழே இருந்தால் தடை. உடனே சுடுதளங்களில் ஒரு புது ஜந்து பிறந்தது. முழ நீளக் குழல், பின்னால் வால் மாதிரி ஓர் இரும்புக் கம்பி. அளந்து பார்த்தால் 60 சென்டிமீட்டருக்குக் குறையாது. ரிவால்வருக்கு வால் முளைத்த ஒரே தேசம் :-)

சிரித்தாயிற்றா? இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

இந்திய ஆயுதச் சட்டம் 1959ல் இயற்றப்பட்டு 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தியது லிட்டன் பிரபு காலத்து 1878 சட்டம். வெள்ளைக்காரனுக்கு விலக்கு, நமக்கு உரிமம். சுதந்திரத்துக்குப் பிறகு எழுதியவர்கள் அந்த அவமானத்தைத் துடைக்க நினைத்ததன் அடையாளம் புதுச் சட்டத்தில் ஓர் இடத்தில் தெரிகிறது. 13ஆம் பிரிவு, 3ஆம் உட்பிரிவு. படித்துப் பாருங்கள். தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ, குழலுக்குள் மரை வெட்டாத, 20 அங்குலத்துக்குக் குறையாத துப்பாக்கி கேட்கிற குடிமகனுக்கும், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்கிறவனுக்கும் உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. வழங்கலாம் என்று இல்லை, "வேண்டும்". (14ஆம் பிரிவில் சொன்ன காரணங்கள் இருந்தால் மறுக்கலாம். ஆனால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். சொத்து போதாது என்பதை மட்டும் காரணமாகச் சொல்லக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.) அந்த வாய்வழி துப்பாக்கி போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால் வேறு வழுக்குக் குழல் துப்பாக்கியும் தரலாமாம்.

விவசாயியை நினைத்து எழுதிய பிரிவு இது. கம்பம் பள்ளத்தாக்குக்கென்றே எழுதின மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபக்கம் மேகமலை, நடுவில் முல்லைப் பெரியாறு தண்ணீரில் நெல், வாழை, தென்னை, திராட்சை. மலையடித் தோட்டத்துக்காரனுக்கு ராத்திரி விருந்தாளி யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காட்டுப்பன்றி மக்காச்சோளத்தைத் தின்பதைவிடச் சாய்ப்பதுதான் அதிகம். நிலக்கடலைக் காட்டில் ஒரு கூட்டம் இறங்கினால் விடியும்போது டிராக்டர் விட்ட மாதிரி இருக்கும்.

ஆனால் அதே சட்டத்தின் விதிகளைப் புரட்டினால் டேப் வெளியே வருகிறது. மரை இல்லாத குழல் 20 அங்குலத்துக்குக் கீழே போனால் அது அட்டவணையில் முதல் வகைக்குத் தாவிவிடுகிறது. தடை செய்யப்பட்ட, கட்டுப்படுத்தப்பட்ட ஆயுதங்கள் இருக்கிற வகை. பத்தொன்பதரை அங்குலத் துப்பாக்கிக்கு ஒரு மலையடி விவசாயி ஆசைப்பட்டால் ஃபைல் டெல்லிக்குப் போக வேண்டும். சரி, குட்டையாக இருந்தால் வேட்டியில் ஒளிக்கலாம், ஆபத்து, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் குழல் ஒரு சாண்கூட இல்லாத ரிவால்வர் எந்த வகை? மூன்றாம் வகை! சாதாரண உரிமம். அரசுத் தொழிற்சாலையே .32 ரிவால்வர் செய்து, உரிமம் உள்ளவருக்கு விற்கிறது. சட்டைப் பைக்குள் அடங்குகிறது சாதாரணம், தோளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பது தடை. அமெரிக்காவில் ஓடிப்போன மாப்பிள்ளைதான் இங்கேயும். பந்தலும் அதேதான்.

இன்னொன்று சொல்கிறேன், மண்டை காயும். .303 ரைஃபிள் தடை வகை. ராணுவத் தோட்டாவைப் போட்டுச் சுடலாம் என்பதால். அதனால் நம் ஆயுதத் தொழிற்சாலை பொதுமக்களுக்காக .315 ரைஃபிள் செய்கிறது. பழைய லீ-என்ஃபீல்டின் அதே அமைப்பு, குண்டு மட்டும் கொஞ்சம் பெரியது. சின்னக் குண்டுக்குத் தடை, பெரிய குண்டுக்கு அனுமதி. ராணுவக் கிடங்கிலிருந்து தோட்டா திருட்டுப் போனால் வெளியே பயன்படக்கூடாது என்பது காரணம், அதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் மானுக்கும் மனிதனுக்கும் அந்த வித்தியாசம் தெரியப் போவதில்லை.

இதெல்லாம் ஜோக். இனிமேல் வருவது ஜோக் இல்லை.

6ஆம் பிரிவு: உரிமம் இல்லாமல் எந்தத் துப்பாக்கியின் குழலையும் யாரும் குட்டையாக்கக் கூடாது. எவ்வளவு குட்டை? சொல்லவில்லை. இங்கிலாந்தில் ஷாட்கன் குழலை 24 அங்குலத்துக்குக் கீழே கொண்டுபோனால்தான் குற்றம். நமக்கு 20 அங்குலம் என்று ஒரு கோடு ஏற்கெனவே அதே சட்டத்தில் இருக்கிறது, ஆனால் 6ஆம் பிரிவு அந்தக் கோட்டைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. உரிமம் வைத்திருக்கிற பெரியவர் ஒருவரின் பழைய துப்பாக்கிக்கு வாய் துருப்பிடித்துப் பிளந்துவிட்டது என்று வையுங்கள். பட்டறையில் கொடுத்து 40 அங்குலத்தை 38 ஆக்கினால் அதுவும் குட்டையாக்கல்தான். துருப்பிடித்த வாயோடு சுட்டுத் தன் கையைப் போக்கிக்கொண்டால் குற்றமில்லை!

2019 டிசம்பரில் நிறைவேறிய திருத்தத்துக்கு முன்பு இதற்கு 3லிருந்து 7 வருஷம். இப்போது 7 வருஷத்திலிருந்து ஆயுள் வரை. அனுமதியில்லாமல் துப்பாக்கி தயாரித்து விற்கிறவனுக்கும் இதே தண்டனை. கட்டா செய்து ஊர் ஊராக விற்கிற கும்பலும், பட்டறையில் இரண்டு அங்குலம் அறுத்த கொல்லரும் ஒரே வரியில் நிற்கிறார்கள். நீதிபதி இரக்கப்பட்டாலும் 7க்குக் கீழே இறங்க முடியாதபடி கணக்கைக் கட்டி வைத்திருக்கிறார்கள். இதை எழுதியவர்களுக்கு உத்தரப்பிரதேசத்துக் கல்யாண ஊர்வலத் துப்பாக்கிச் சூடு நினைவிருந்தது (அதற்கும் அந்தத் திருத்தத்தில் ஒரு தண்டனை வந்தது, நல்லது). சின்னமனூர்க் கொல்லுப்பட்டறை நினைவில் வரவில்லை.

சரி, 13ஆம் பிரிவின் "வேண்டும்" என்ன ஆயிற்று?

எங்கள் பெரியப்பாவுக்கு மலையடியில் இரண்டரை ஏக்கர். பயிர்ப் பாதுகாப்பு உரிமம் கேட்டுப் போனார். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "துப்பாக்கி எதுக்குப் பெருசு? பட்டாசு போடுங்க." இரண்டாவது கேள்வி, "வாங்கி என்ன செய்வீங்க, பன்னியச் சுட்டா வனத்துறை கேஸ் போடுவான், தெரியுமில்ல?" முதல் கேள்விக்கு எரிச்சலாக இருந்தாலும் இரண்டாவது கேள்வி சத்தியமான கேள்வி. அதற்குப் பெரியப்பாவிடம் பதில் இல்லை. சட்டத்திடமும் இல்லை.

ஏனென்றால் 1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. காட்டுப்பன்றி அதன் அட்டவணையில் இருக்கிறது (2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணை). நிற்கிற பயிருக்குக்கூட ஆபத்து என்றால் சுட அனுமதிக்கலாம் என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த அனுமதி தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவரிடமிருந்து வர வேண்டும். ஆக, ஒரு சட்டம் "பயிரைக் காக்கத் துப்பாக்கி கொடுக்க வேண்டும்" என்கிறது. இன்னொரு சட்டம் "எதன் மேலும் சுடாதே" என்கிறது. இரண்டையும் மதிக்கிற விவசாயி செய்யக்கூடியது ஒன்றுதான். வானத்தைப் பார்த்துச் சுடலாம். அதுவும் ஒரு தடவை. மறுபடி மருந்து போட்டு, கந்தல் திணித்து, ரவை போட்டு, கம்பியால் இடித்து, கேப்பு வைப்பதற்குள் பன்றி அடுத்த பாத்திக்குப் போயிருக்கும். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் அந்தத் துப்பாக்கியையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பன்றிக்குத் தேர்தல் நடத்தை விதிமுறை இல்லை.

சட்டத்தில் வழி இல்லாத இடத்தில் என்ன முளைக்கும்? கள்ள மின்வேலி முளைக்கும். பழத்துக்குள் வெடிமருந்து வைக்கிற அவுட்டுக்காய் முளைக்கும். துப்பாக்கிக்காவது பின்னால் ஒரு மனுஷன் இருக்கிறான், எதைச் சுடுகிறோம் என்று பார்ப்பான். கம்பிக்குக் கண் இல்லை. பன்றிக்கு வைத்த கரண்டில் யானை சாகிறது, சிறுத்தை சாகிறது, ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரன் சாகிறான். 2022ல் பெரியகுளம் பக்கம் தோட்ட வேலியில் சிக்கிய சிறுத்தை இறந்து மாநிலமே பேசியது. 2023 அக்டோபரில் கூடலூர் அருகே வண்ணாத்திப்பாறைப் பகுதியில் வனத்துறையினர் சுட்டதில் ஒரு விவசாயி இறந்தார். வேட்டைக்கு மின்கம்பி வைக்க வந்தவர், எங்களைத் தாக்க வந்தார் என்றது துறை. குடும்பமும் ஊரும் மறுத்துப் போராடின. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் ஒரு பன்றிக்காக ஒரு மனுஷன் செத்தான் என்பது மட்டும் இரண்டு தரப்புக் கதையிலும் இருக்கிறது.

இப்போது கம்பத்தில் பஸ் ஏறுங்கள். கூடலூர், லோயர் கேம்ப், மலைப்பாதை, குமுளி. அந்தப் பக்கம் இதே பன்றி, இதே மத்தியச் சட்டம். ஆனால் கேரள அரசு 2022 மே மாதம் அதே 11ஆம் பிரிவை எடுத்து, பஞ்சாயத்துத் தலைவருக்கே அதிகாரம் கொடுத்தது. பயிரை அழிக்கிற பன்றியைச் சுட, உரிமம் உள்ள துப்பாக்கிக்காரரை அவர் அழைக்கலாம். விஷம், வெடி, மின்சாரம் கூடாது என்பது நிபந்தனை. அந்த ஏற்பாட்டில் ஓட்டையே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மின்கம்பியைவிடத் துப்பாக்கி மேல் என்று ஓர் அரசாங்கம் வாயைத் திறந்து சொல்லியிருக்கிறது.

தமிழ்நாடு 2025 ஜனவரியில் ஒரு முடிவு எடுத்தது. எடுத்தார்கள் என்பதே பெரிய விஷயம்தான். ஆனால் பாருங்கள், இங்கேயும் டேப்! காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1லிருந்து 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர் சுடலாம். அங்குல டேப் போய் கிலோமீட்டர் டேப் வந்திருக்கிறது. காட்டோரம் சுட அனுமதித்தால் அதைச் சாக்காக வைத்து மான் வேட்டை நடக்கும், புலிக்கு இரை குறையும் என்ற பயம் நியாயமானது. மேகமலை 2021லிருந்து புலிகள் காப்பகம் வேறு. அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் பன்றி முதலில் இறங்குவது அந்த முதல் கிலோமீட்டரில்தானே? இந்தப் பள்ளத்தாக்கு இரண்டு மலைக்கு நடுவில் ஒரு சந்து. மலையடிக்காரன் இரண்டு பக்கமும் அந்த ஒரு கிலோமீட்டருக்குள்தான் உட்கார்ந்திருக்கிறான். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், ராத்திரி ரெண்டு மணிக்குச் சோளக்காட்டில் பன்றி நிற்கிறது என்று போன் போட்டால், துறை ஆள் துப்பாக்கியோடு வந்து சேர்வதற்குள் விடிந்துவிடும்.

"அப்படின்னா எல்லாருக்கும் துப்பாக்கி குடுக்கச் சொல்றியா?" இல்லை சாமி. அமெரிக்கா மாதிரி ஆக வேண்டும் என்று இந்த மண்ணில் பிறந்த எவனும் கேட்கமாட்டான். வாய்க்கால் தகராறில் அரிவாள் தூக்குகிற ஊர் நம்முடையது, அது எனக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், யார் கையில், என்ன பயிற்சியோடு, எங்கே, எதற்கு என்று சட்டம் கேட்க வேண்டும். 2016 விதிகள் உரிமம் கேட்கிறவருக்குப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும் என்கின்றன. நல்ல விதி. ஆனால் சுடுதளம், ரைஃபிள் கிளப் எல்லாம் சென்னை, கோவை என்று பெரிய ஊர் சமாச்சாரம். அங்கே 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழக லட்சங்களில் செலவாகும். மலையடி விவசாயிக்கு ஒன்றிய அளவில் ஒரு நாள் பயிற்சி கொடுத்து, ஊருக்கு நாலு பேரைப் பெயர் எழுதிப் பட்டியலில் வைத்து, சுட்ட ஒவ்வொரு ரவைக்கும் கணக்கு வாங்கினால் எந்தப் புலியும் குறையாது. கள்ளக் கம்பி குறையும். முதல் கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது என்றால், அங்கே நட்ட பயிருக்கு முழு நஷ்ட ஈட்டை அறுவடைக்கு முன்பே கொடுங்கள். 6ஆம் பிரிவில் "20 அங்குலத்துக்குக் கீழே" என்று ஒரே ஒரு வரி சேருங்கள். பயிர்ப் பாதுகாப்பு உரிமம் தரும் உத்தேசமே இல்லையென்றால் 13ஆம் பிரிவிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். பெரியப்பா மாதிரி ஆட்கள் பஸ் சார்ஜ் போட்டு அலைய வேண்டாம்.

அடுத்த வாரம் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஓர் ஆர்.டி.ஐ. போடுகிறேன். மூன்று கேள்விதான். தேனி மாவட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று 2016க்குப் பிறகு வந்த விண்ணப்பம் எத்தனை, கொடுத்தது எத்தனை, மறுத்தவற்றில் எழுத்தில் காரணம் சொன்னது எத்தனை. சட்டம் படிக்கிற நண்பர்கள் யாராவது மனுவை ஒரு தடவை பார்த்துக் கொடுத்தால் உபகாரம். பதில் வந்ததும் அப்படியே இங்கே தட்டச்சு செய்து போடுகிறேன்.